மீதி

நவம்பர் கடைசியில் வார்டோவில்
சூரியன் எழுவதை நிறுத்திவிடுகிறது.
நண்பகலில் தெற்கே ஒரு நீலம் மட்டும்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

மீன் உறைகிடங்கின் இரவுக் கண்காணிப்பாளர் ரண்வெய்க்
பதிவேட்டில் எழுதுகிறாள்: கழித்தல் இருபத்தொன்று.
மேசைக்கடியில் ஒரு பழைய கணினி
அவள் கணுக்காலைச் சூடாக்கியபடி
ஓர் எண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டைப் பதின்மூன்று கோடிச் சொச்சம் தடவை
தன்னோடு பெருக்கி, வந்ததில் ஒன்று குறைத்தால்
அந்த எண்.
இருமத்தில் எழுதினால் ஒன்று, ஒன்று, ஒன்று,
கடைசிவரை ஒன்று.
ஒரு பூஜ்யத்தைக்கூட உள்ளே விடாத வரிசை.
நம் பத்தின் கணக்கில் நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள்.
இலக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று
சாலையோரம் சுண்ணாம்பால் எழுதிக்கொண்டே போனால்
கடலடிச் சுரங்கம் தாண்டி,
மீன் காயும் மரச்சட்டங்கள் தாண்டி,
வாட்சோ ஊரையும் தாண்டி
பேருந்து நிற்காத ஓரிடத்தில் முடியும்.
கடைசி இலக்கம் ஒன்று என்று அவளுக்குத் தெரியும்.
நடுவில் இருப்பதை யாரும் வாசித்ததில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜில்வினாஸ்
காப்பிக்கு வந்தவன் கேட்டான்:
ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்குமா?
அப்படிச் செய்தால் பிரபஞ்சம் முந்திக்கொள்ளும் என்று
மீன் ரசீதின் பின்பக்கம் நூற்றிருபத்தேழை எழுதினாள்.
இது அதன் கடைக்குட்டித் தம்பி.
இரண்டை ஏழு தடவை பெருக்கி, ஒன்று குறைத்தது.

நான்கில் தொடங்கு.
வர்க்கமாக்கு, இரண்டைக் கழி: பதினான்கு.
மறுபடி: நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
நூற்றிருபத்தேழைத் தூக்கிப் போடு,
மீதி அறுபத்தேழு.
பிறகு நாற்பத்திரண்டு.
பிறகு நூற்றுப் பதினொன்று.
அடுத்ததை அவனையே வகுக்கச் சொன்னாள்.
பன்னிரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது.
தொண்ணூற்றேழு தடவை போயிற்று.
கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.
அவன் ரசீதைத் திருப்பிப் பார்த்தான்,
மீதி அந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று.

பூஜ்யம் வந்தால் பகா எண்.
வேறெது வந்தாலும் பகு எண்.
தமிழில் எழுதுவதால் எனக்கு இது தெரிகிறது:
பகு, பகா.
ஓர் உயிர்தான் வித்தியாசம்.

தம்பிக்கு ஐந்தே படி. அண்ணனுக்குப் பதின்மூன்று கோடி.

டிசம்பர் பதினேழில் புயல், மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் மீனுக்குத்தான், எண்ணுக்கு இல்லை.
வெளிச்சம் திரும்பியபோது
கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து அது எழுந்தது,
அரைமணி நேரத்தை மறந்துவிட்டு.

கிடைத்தால்தான் என்ன பிரயோஜனம்?
எந்தக் கடையிலும் சில்லறை மாற்ற முடியாத
ஒரு நோட்டு கிடைத்தால்
நீ பையில் வைத்துக்கொள்ள மாட்டாயா, என்றாள்.
வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பேன், என்றான் ஜில்வினாஸ்.

நாற்பத்தொன்றாம் நாள். காலை நாலரை.
விடிவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்.
திரையில் பதினாறு எழுத்தில் ஒரு மீதி.
பூஜ்யம் இல்லை.

அப்படியானால் அது உடையும்.
எதனால் என்று சோதனை சொல்வதில்லை.
உடையும் என்று சத்தியம் செய்கிறதே தவிர
விரிசலைக் காட்டாது.
பதினொன்றின் வழியாகப் பிறந்த இரண்டாயிரத்து நாற்பத்தேழு
இருபத்துமூன்றுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடையே விழுந்தது;
அங்கே பெயர்களாவது உண்டு.
இங்கே குறைந்தது இரண்டு எண்கள்
எங்கோ தோளோடு தோள் நின்று
இதைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன.
யாரும் பார்த்ததில்லை.
பார்க்காமலே போகவும் கூடும்.

முடிவை அனுப்பினாள்.
மான்டிவிடியோவில் யாரோ ஒருவரின் கணினி
கோடையில் உட்கார்ந்து
அவளை நம்பாமல் மறுபடி செய்யும். அதுதான் முறை.

கணுக்கால் குளிர்ந்தது.
பதிவேட்டில் கழித்தல் இருபத்தொன்று.
அடுத்த எண்ணைத் தட்டினாள்.
நான்கு. பதினான்கு. நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
முப்பத்தேழாயிரத்து அறுநூற்று முப்பத்துநான்கு.
இதுவரை எல்லாம் பழைய பாதைதான்,
போன எண்ணும் இப்படித்தான் புறப்பட்டது.
காலை மெல்ல உள்ளே நீட்டிக்கொண்டாள்.